தம்பி கேட்ட திறப்பு

"உனக்கு என்ன வேணும்?" என்று தம்பியிடம் ஒருவர் கேட்டு, பதிலுக்காகக் காத்தும் இருந்த முதல் நாளில் அவனுக்கு 31 வயது.

கேட்டவர் எங்கள் வீட்டு ஆள் இல்லை. அவனுடைய வாழ்க்கைத் திட்டத்தை எழுத உதவ வந்த ஒரு பெண். 2022 ஏப்ரல், கனடாவில் ரொறன்ரோவின் ஸ்காபரோ பகுதி, அம்மாவின் வீட்டுக் குசினி. அம்மா தேத்தண்ணி ஊற்றிக்கொண்டிருந்தார். கேள்வி முடியுமுன்னே நான் பதில் சொல்லத் தொடங்கிவிட்டேன். அவனுக்குப் பாட்டு விருப்பம், நீச்சல் விருப்பம், சனக்கூட்டம் பிடிக்காது என்று அடுக்கினேன். அந்தப் பெண் என் பக்கம் திரும்பவே இல்லை. கையை மெல்ல உயர்த்தி என்னை நிறுத்திவிட்டு, தம்பியையே பார்த்துக்கொண்டிருந்தார். நீண்ட நேரம். அதன் பிறகு அவன் ஒரே ஒரு சொல் சொன்னான்.

"திறப்பு."

எங்கள் ஊர்ப் பேச்சில் சாவிக்குத் திறப்பு என்று பெயர். தம்பி பழைய திறப்புகளைச் சேர்த்து ஒரு பிஸ்கற் ரின்னில் போட்டு வைத்திருப்பான். அதனால் "இன்னும் ரெண்டு கேக்கிறான் போல" என்றார் அம்மா. நானும் ஆங்கிலத்தில், திறப்பு சேர்ப்பது அவனுடைய பொழுதுபோக்கு என்று விளக்கம் கொடுத்தேன். அவர் எழுதிக்கொண்டார். அந்த ஒரு சொல் எங்களுக்கு விளங்க ஐந்து மாதம் பிடித்தது.

தம்பிக்கு டவுண் சின்ட்ரோம். 1991இல் இங்கேதான் பிறந்தான். அம்மாவுக்கு அப்போது 41 வயது. எனக்கு 13. தமிழும் ஆங்கிலமும் கலந்து ஒன்று இரண்டு சொல்லாகப் பேசுவான். அப்பா போன பிறகு அம்மாவும் அவனும்தான் அந்த வீட்டில். நான் குடும்பத்தோடு பத்து நிமிடத் தூரத்தில் இருக்கிறேன்.

அந்தப் பெண் எங்கள் வீட்டுக்கு எப்படி வந்தார் என்பதைச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதைத் தெரியாத தமிழ்க் குடும்பங்கள் இங்கே நிறைய. ஒன்ராறியோவில் அறிவுசார் குறைபாடு உள்ள வளர்ந்தோருக்கான சேவைகளுக்கெல்லாம் வாசல் ஒன்றுதான், டிஎஸ்ஓ (Developmental Services Ontario) என்ற அலுவலகம். 16 வயதில் விண்ணப்பிக்கலாம், 18 வயதிலிருந்து சேவை பெறத் தகுதி. விண்ணப்பத்தின்போது நேர்காணல் பல மணித்தியாலம் நீளும். எழும்பிக் குளிக்க உதவி தேவையா, காசு எண்ணத் தெரியுமா, ஆபத்து என்றால் விளங்குமா, எத்தனை தரம், எவ்வளவு நேரம். தேவைகளைக் குறைத்துச் சொன்னால் உதவியும் குறையும். அதனால் அவனுடைய மிக மோசமான நாளை மனதில் வைத்துத்தான் பதில் சொல்ல வேண்டும். நான் அப்படியே சொன்னேன். தம்பி பக்கத்தில் இருந்து எல்லாவற்றையும் கேட்டான். அன்றிரவு அவன் எனக்குக் கிட்டவே வரவில்லை.

அந்த நாளை என்னால் திருப்பி எடுக்க முடியாது. இனிப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். அவனுக்கு என்ன முடியாது என்று அடுக்கும் பகுதியைத் தனியாகப் பேச நேரம் கேளுங்கள். அவன் அறையில் இருக்கும்போது கேள்வி அவனிடமே போகட்டும். அப்புறம், அந்தப் படிவம் பணம் பெறுவதற்கான படிவம் மட்டுமே. அதைப் பார்த்து அவனுடைய வாழ்க்கையை எழுதக் கூடாது.

அதன் வழியாகக் கிடைத்ததுதான் பாஸ்போர்ட் என்ற நிதி. எங்களுக்கு ஆரம்பத்தில் ஆண்டுக்கு 5,000 டொலர். உதவியாளருக்குச் சம்பளம், வகுப்புக் கட்டணம், அம்மா கொஞ்சம் ஓய்வெடுக்க ஆள் வைப்பது போன்றவற்றுக்குச் செலவழிக்கலாம். வாடகை, சாப்பாடு, உடுப்புக்கு முடியாது. முழுநேரமும் அவனைப் பார்க்கும் அம்மாவுக்குச் சம்பளமாகவும் கொடுக்க முடியாது. ஆனால் வாழ்க்கைத் திட்டம் எழுத ஒருவரை அமர்த்தலாம். நாங்கள் அமர்த்திய பெண் எந்தச் சேவை அமைப்பிலும் வேலை செய்யாதவர். தன் அமைப்பின் வகுப்பில் காலியாக இருக்கும் இடத்துக்கு ஆள் பிடிக்க வேண்டிய தேவை அவருக்கு இல்லை. இது எவ்வளவு பெரிய வித்தியாசம் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அதற்கு முன் ஆறு வருடம், அவன் பகலில் போய்வந்த ஒரு நிலையம்தான் அவனுக்குத் திட்டம் எழுதியது. ஒவ்வொரு வருடமும் 'சமூகத் திறன்களை மேம்படுத்தல்' என்ற அதே வரி. தேதி மட்டும் மாறும். நானும் ஆறு முறை கையெழுத்துப் போட்டிருக்கிறேன்.

தன் வாழ்வைத் தானே தீர்மானிப்பது என்று அந்தப் பெண் ஆங்கிலத்தில் சொன்னதை அம்மாவுக்கு மொழிபெயர்க்கப் போனபோது என் வாயில் வந்த சொல் சுயநிர்ணயம். எங்கள் வீட்டுக்கு அந்தச் சொல் புதிது இல்லை. அப்பா இருந்த காலத்தில் இரவுச் சாப்பாட்டு மேசையில் சுயநிர்ணய உரிமை பற்றிப் பேசாத நாள் குறைவு. ஒரு மக்கள் கூட்டம் தன் வாழ்வைத் தானே தீர்மானிக்க வேண்டும் என்று மேசையில் தட்டிச் சொல்வார். அதே மேசையில் தம்பி என்ன சாப்பிடுவது, எந்தச் சட்டை போடுவது, எத்தனை மணிக்குப் படுப்பது எல்லாவற்றையும் நாங்கள் தீர்மானித்தோம். அப்பா அன்பில் குறை வைத்தவர் இல்லை. தம்பியைத் தோளில் சுமந்து தேர் காட்டியவர். ஆனால் அந்தச் சொல் தன் மகனுக்கும் உரியது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. எனக்கும் தோன்றவில்லை.

திறப்பு விஷயத்துக்கு வருகிறேன். அந்த வருடம் செப்டெம்பரில் என் மகள் ஏழாம் வகுப்புக்குப் போனாள். பள்ளிக்கூடம் விட்டு நேரே அம்மம்மா வீட்டுக்கு வரட்டும் என்று அவளுக்கு ஒரு திறப்பு வெட்டிக் கொடுத்தோம். அவள் அதை வாங்கியபோது தம்பி பக்கத்தில் நின்றான். தானும் கையை நீட்டினான்.

"எனக்கும்."

அம்மாவிடம் ஒரு திறப்பு. என்னிடம் ஒன்று. என் கணவரிடம் ஒன்று. அவசரத்துக்கு என்று பக்கத்து வீட்டு அங்கிளிடம் ஒன்று. இப்போது 12 வயதுப் பிள்ளையிடம் ஒன்று. அந்த வீட்டிலேயே பிறந்து வளர்ந்த 31 வயது ஆளிடம் இல்லை. பெல்லை அடித்துவிட்டு, யாராவது உள்ளே இருந்து திறக்கும்வரை நிற்பதுதான் அவன் வாழ்நாள் முழுக்கச் செய்தது. சனிக்கிழமைகளில் அவனோடு வெளியே போகும் பெடியனிடம் இதைச் சொன்னேன். "ஓம் அக்கா, அவர் என்னை பெல் அடிக்க விடுறதில்லை. கதவுப் பிடியில கையை வைச்சுக்கொண்டு நிப்பார். நான் ஏதோ பழக்கம் எண்டு நினைச்சன்" என்றான்.

அதற்குப் பிறகு நாங்கள் கேட்கும் விதத்தை மாற்றினோம். அந்தப் பெண் சொல்லித் தந்தது கொஞ்சம், பட்டுத் தெரிந்தது கொஞ்சம்.

தம்பியின் 'ஓம்' எப்போதும் சம்மதம் இல்லை. அவனுக்குப் பிடித்தவர்கள் என்ன கேட்டாலும் ஓம் என்பான். "கடைக்குப் போவமா?" ஓம். "வீட்டில இருப்பமா?" அதற்கும் ஓம். ஆகவே ஒரே விஷயத்தை மாற்றிப் போட்டும் கேட்க வேண்டும். இரண்டில் ஒன்று என்று கேட்டால் கடைசியாகச் சொன்னதைத் திருப்பிச் சொல்வான். அப்படியென்றால் நாளைக்கு வரிசையை மாற்றிக் கேட்க வேண்டும். போனில் படம் எடுத்து மூன்று படங்களை மேசையில் காட்டிக் கேட்பது இன்னும் நல்லது. கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு மனதுக்குள் இருபது எண்ண வேண்டும். எனக்குக் கடினமாக இருந்தது இதுதான். பதினைந்தில் அவன் வாய் திறப்பான். நான் முன்பெல்லாம் ஐந்தில் பதில் சொல்லி முடித்திருப்பேன்.

ஒரு சின்னக் கொப்பியில் அவனுடைய 'வேண்டாம்'களை எழுதத் தொடங்கினோம். வாயால் சொல்வது மட்டும் இல்லை. இடது காதை இழுப்பது, கோப்பையை நகர்த்துவது, சப்பாத்தைக் காணவில்லை என்பது எல்லாம் அதில் உண்டு. ஆறு வாரத்தில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமைகளில் மட்டும் அவனுடைய சப்பாத்து காணாமல் போகும். செவ்வாய் நீச்சல் நாள். பத்து வயதில் தண்ணீரை விட்டு வெளியே வர மாட்டேன் என்று அழுதவன்தான். அதை வைத்துக்கொண்டு இருபது வருடம், நீச்சல் விருப்பம் என்று எல்லாப் படிவத்திலும் நான் எழுதியிருக்கிறேன்.

மொழிபெயர்ப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். கூட்டங்களில் அக்காவும் நான்தான், அவன் பேச்சை விளக்குபவரும் நான்தான். ஒரு முறை அவன் "வேலை. காசு. கார்ட்" என்றான். நான் ஆங்கிலத்தில், பயனுள்ள விதத்தில் நேரத்தைச் செலவழிக்க விரும்புகிறான் என்றேன். சனிக்கிழமைப் பெடியன் பக்கத்தில் இருந்தான். "இல்லை அக்கா, அவர் சம்பளம் வேணும், பாங்க் கார்ட் வேணும் எண்டுதான் சொன்னவர்" என்றான். நான் மொழிபெயர்க்கிறேன் என்ற பெயரில் அவனைத் திருத்திக்கொண்டிருந்திருக்கிறேன். அன்றிலிருந்து அவன் சொன்ன சொல்லை அப்படியே எழுதுவது, எங்கள் விளக்கத்தை வேண்டுமானால் கீழே வேறு மையில் எழுதுவது என்று வைத்துக்கொண்டோம்.

நவம்பரில் பெரிய கூட்டம் வைத்தோம். பாத் என்ற முறை. ஜாக் பியர்பொயின்ற், மார்ஷா ஃபொறெஸ்ற், ஜோன் ஓபிறையன் என்ற மூவர் சேர்ந்து உருவாக்கியது, முதல் இருவரும் ரொறன்ரோக்காரர்கள். சுவரில் நீளமான தாளை ஒட்டி, வலது ஓரத்தில் அந்த ஆளின் கனவை முதலில் வரைவார்கள். அடுத்து, ஒரு வருடம் கழிந்துவிட்டது என்று வைத்துக்கொண்டு அதற்குள் நடந்திருக்கக் கூடியவை. அதன் பிறகே இடது ஓரத்தில் இன்றைய நிலை. அப்புறம் யார் யார் துணை நிற்பார்கள், என்ன பலம் தேவை, அடுத்த சில மாதத்தில் என்ன செய்வது, நாளைக்கே வைக்கக்கூடிய முதல் அடி எது. எல்லாம் படமாக வருவதால் வாசிக்கத் தெரியாத தம்பிக்கும் அது அவனுடைய தாளாக இருந்தது.

யாரைக் கூப்பிடுவது என்பதை அவனே படம் காட்டித் தெரிவு செய்தான். என் மகள், சனிக்கிழமைப் பெடியன், பக்கத்து வீட்டு அங்கிள், மார்க்கம் றோட்டில் நாங்கள் ரோல்ஸ் வாங்கும் கடை அண்ணை. பெரியம்மாவின் படத்தைத் தள்ளி வைத்தான். பெரியம்மாவுக்கு அதில் மனவருத்தம், இரண்டு மாதம் பேசவில்லை. ஆனாலும் அவனுடைய கூட்டம், அவனுடைய அழைப்பு. காலை பத்து மணிக்கு வைத்தோம், ஏனென்றால் மாலையில் அவன் களைத்துவிடுவான். நாற்பது நிமிடம் பேச்சு, இடையில் ரோல்ஸும் கடலையும், மீண்டும் அரை மணி நேரம்.

தாளில் வந்தவை: ஒரு கதவு, ஒரு பஸ், ஒரு பாங்க் கார்ட், ரோல்ஸ் கடை. "வருசம் முழுக்க நான் சாம்பாரும் சொதியும் வைச்சுக் குடுக்கிறன், நான் எங்க?" என்றார் அம்மா. தம்பி கதவுக்குள்ளே அம்மாவை வரையச் சொன்னான்.

அம்மாவின் பயத்துக்குத் தனியாக ஒரு தாள் வைத்தோம். அது மிகவும் உதவியது. "திறப்பைக் குடுத்தால் தனிய வந்து அடுப்பைப் பத்த வைச்சிடுவான். ஆரும் பின்னால வந்தால் கதவைத் திறந்து விட்டிடுவான்." இவை வெறும் கவலைகள் இல்லை, நடக்கக்கூடியவை. மைக்கேல் ஸ்மல் என்பவர் அமெரிக்காவில் வளர்த்த ஒரு எளிய பிரிப்பை அந்தப் பெண் காட்டினார். அந்த ஆளுக்கு எது முக்கியம் என்று ஒரு பக்கம். அவருடைய நன்மைக்கு எது முக்கியம் என்று மற்றவர்கள் நினைப்பது மறுபக்கம். பராமரிப்புத் துறை முழுக்க இரண்டாவது பக்கத்தையே நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறது. முதல் பக்கம் வெறுமையாக இருந்தால் இரண்டாவதும் பலிக்காது, ஏனென்றால் அந்த ஆள் சப்பாத்தை ஒளித்துவிடுவார். ஒரு பக்கத்துக்காக மற்றதை அழிக்காமல் இரண்டையும் எப்படி நிறைவேற்றுவது என்று பார்ப்பதுதான் திட்டமிடும் வேலை.

அப்படித்தான் செய்தோம். முன்கதவின் பழைய பூட்டு இறுகிப்போனது, அதை மாற்றினோம். மஞ்சள் தொப்பி போட்ட திறப்பு, கழுத்துக் கயிற்றில். அடுப்புக்குத் தானாக அணையும் கருவி. முதல் வாரம் அம்மா உள்ளே இருக்க அவன் திறந்தான். இரண்டாம் வாரம் நான் தெரு முனையில் நின்றேன். அதுவரை வாசலுக்கு வந்து ஏற்றி இறக்கும் வாகனத்தில் போய்வந்தவன், 54 லோறன்ஸ் ஈஸ்ற் பஸ்ஸில் வரப் பழகினான். பெடியன் முதலில் பக்கத்து இருக்கையில், அப்புறம் பின் இருக்கையில், அப்புறம் அடுத்த பஸ்ஸில். ரொறன்ரோவின் பொதுப் போக்குவரத்தான ரிரிசியில் துணைக்கு வருபவர் கட்டணம் இல்லாமல் பயணம் செய்ய ஒரு அட்டை உண்டு, பழகும் காலத்தில் பெரிய உதவி. மொத்தம் பதினொரு வாரம்.

2023 பெப்ரவரியில் ஒரு நாள் அவன் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டான். பனி கொட்டிக்கொண்டிருந்தது. 47 நிமிடம் எங்கே என்று தெரியவில்லை. ஒரு மருந்துக் கடைக்குள் போய், சட்டைப் பையில் இருந்த தொலைபேசி இலக்க அட்டையைக் காட்டியிருக்கிறான். அங்கிருந்த பெண் எடுத்துச் சொன்னபோது எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. அவன் செய்ய வேண்டியதைச் செய்திருந்தான். அதற்காகத்தான் பதினொரு வாரம் பழக்கினோம். ஆனாலும் அன்று மாலை அம்மா திறப்பை வாங்கி அலமாரியில் வைத்துப் பூட்டினார். நான் தடுக்கவில்லை.

இரண்டு வாரம் அவன் எதுவும் கேட்கவில்லை. அப்புறம் ஒரு நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு வாசலுக்குக் கூட்டிப் போய் என் காரைக் காட்டினான். "அக்கா திறப்பு. உள்ளுக்க. பனி." சில குளிர்காலங்களுக்கு முன் நான் கார் திறப்பை உள்ளே விட்டுப் பூட்டிவிட்டு, குளிருக்குள் ஒரு மணி நேரம் நின்றது அவனுக்கு நினைவிருந்திருக்கிறது. என் திறப்பை யாரும் பறிக்கவில்லை. அன்றிரவே அம்மா அவனுடையதைத் திருப்பிக் கொடுத்தார்.

ரொபர்ட் பெர்ஸ்கி என்ற அமெரிக்கர் 1972இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆபத்துக்கு முகம் கொடுப்பதிலும் மனித கண்ணியம் உண்டு, பாதுகாப்பு என்று சொல்லி எல்லா ஆபத்தையும் எடுத்துவிட்டால் அந்தக் கண்ணியமும் கூடவே போய்விடும் என்பது அவர் வாதம். பயத்தை மட்டும் வைத்து ஒழுங்கு செய்தால் எங்கே போய் நிற்கும் என்பதற்கு இந்த மாகாணத்திலேயே சாட்சி இருக்கிறது. ஒறிலியாவில் 1876இல் திறந்த ஹியூரோனியா நிலையத்தில் தம்பியைப் போன்ற ஆயிரக்கணக்கானோர் குடும்பத்திலிருந்து பிரித்து வைக்கப்பட்டார்கள். 2009இல்தான் மூடினார்கள். அங்கே நடந்த கொடுமைகளுக்காக வழக்குப் போட்டவர்களுக்கு 2013இல் 35 மில்லியன் டொலர் இழப்பீடு ஒப்புக்கொள்ளப்பட்டது. அந்த டிசெம்பரில் முதல்வர் கத்லீன் வின் சட்டமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். அந்த இடத்து மயானத்தில் பெயர் இல்லாமல் இலக்கம் மட்டும் பொறித்த கற்கள் இருக்கின்றன.

அதே காலத்து இன்னொரு கதை ஜூடித் ஸ்னோ. உடலை ஏறக்குறைய அசைக்கவே முடியாத பெண், சக்கர நாற்காலியில் பல்கலைக்கழகம் போனவர். உதவியாளர் வைக்கப் பணம் இல்லாமல், முப்பது வயதளவில் நீண்டகாலப் பராமரிப்பு விடுதியில் கிடந்து உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போனார். நண்பர்கள் சிலர் சுற்றி வளையமாக நின்று அரசாங்கத்தோடு போராடினார்கள். உதவிப் பணம் விடுதிக்குப் போகாமல் அவர் கைக்கே வந்தது. கனடாவில் அப்படிப் பெற்ற முதல் ஆள் அவர்தான் என்று சொல்வார்கள். 2015 வரை ரொறன்ரோவில் தன் உதவியாளரைத் தானே தெரிவு செய்து வாழ்ந்தார். தம்பியின் பாஸ்போர்ட் பணத்தில் சனிக்கிழமைப் பெடியனை நாங்கள் அமர்த்த முடிவதற்கு அந்த நண்பர் வளையத்துக்கும் நன்றி சொல்ல வேண்டும் என்று நினைக்கிறேன்.

வேலை விஷயம் சுருக்கமாக. ரோல்ஸ் கடை அண்ணை வாரம் இரண்டு காலை, மூன்று மூன்று மணி நேரம், பெட்டி மடிக்கும் வேலை கொடுத்தார். முழுச் சம்பளம். இரக்கப்பட்டுக் கைச்செலவுக் காசு கொடுப்பதை நாங்கள் ஏற்கவில்லை. வேலைக்குப் போனால், குறைபாடு உள்ளவர்களுக்கு மாகாண அரசு கொடுக்கும் ஓடிஎஸ்பி உதவிப்பணம் நின்றுவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். 2023 பெப்ரவரியிலிருந்து மாதம் 1,000 டொலர் வரை உழைத்தால் உதவிப்பணத்தில் கை வைப்பதில்லை. தம்பி அந்த அளவில் பாதியைக்கூடத் தொடுவதில்லை.

2024 ஜனவரியில் அம்மா வாசல் பனியில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. சத்திரசிகிச்சை முடிந்து ஒன்பதாம் நாள், ஆஸ்பத்திரியின் சமூகப் பணியாளர் என்னை நடைபாதைக்குக் கூப்பிட்டார். வீடு பாதுகாப்பில்லை, நீண்டகாலப் பராமரிப்பு இல்லத்துக்குப் பதிவது நல்லது என்றார். அம்மா உள்ளே கட்டிலில், முழு நினைவோடு இருந்தார். ஆங்கிலம் குறைவு, அவ்வளவுதான். அந்த ஒன்பது நாளும் யாரும் மொழிபெயர்ப்பாளரைக் கூப்பிடவில்லை. நானே இருக்கிறேனே என்று நினைத்திருப்பார்கள். தம்பிக்காக இரண்டு வருடம் இவ்வளவும் படித்த நான், அந்த நடைபாதையில் தலையாட்டிக்கொண்டு நின்றேன். களைத்துப் போயிருந்தேன். அது காரணம்தான், ஆனால் நியாயம் இல்லை.

மாலையில் தம்பி பார்க்க வந்தான். கட்டில் ஓரத்தில் இருந்து போனை எடுத்து இரண்டு படத்தைக் காட்டினான். ஒன்று அந்த ஆஸ்பத்திரி அறை, மற்றது அம்மாவின் படுக்கை. "அம்மா, எது?" என்றான். நாங்கள் அவனிடம் கேட்கும் அதே விதம். அம்மா பதில் சொல்லக் கொஞ்ச நேரம் எடுத்தது. அவன் காத்திருந்தான். "வீடு, ராசா" என்றார் அம்மா.

அடுத்த நாள் காலை மொழிபெயர்ப்பாளரைக் கேட்டோம். நான் பேசாமல் இருந்தேன். ஒன்ராறியோவின் 1996ஆம் ஆண்டுச் சம்மதச் சட்டப்படி, முடிவெடுக்கும் ஆற்றல் ஒருவருக்கு உண்டு என்றுதான் தொடங்க வேண்டும். ஆற்றல் இல்லை என்று மதிப்பிட்டால் மட்டுமே பிள்ளையிடம் கேட்கலாம். ஆற்றல் என்பது அந்த ஒரு முடிவுக்கு, அந்த நேரத்துக்கு உரியது. மருந்து மயக்கத்தில் காலை குழம்பியவர் மாலையில் தெளிவாக இருக்கலாம். மொழி தெரியாதது ஆற்றல் இல்லாமை ஆகாது. ஆற்றல் இல்லை என்ற முடிவை எதிர்த்து ஒரு சபையிடம் முறையிடவும் முடியும். இன்னொன்றையும் தெரிந்து வைத்திருங்கள். 2022இல் வந்த சட்டப்படி, ஆஸ்பத்திரிச் சிகிச்சை இனித் தேவையில்லை என்று முடிவான நோயாளியை அவர் சம்மதம் இல்லாமலே பராமரிப்பு இல்லத்துக்குப் பதியலாம். இடம் கிடைத்த பிறகும் போகாமல் அங்கேயே இருந்தால் நாளுக்கு 400 டொலர் அறவிடலாம். ஆகவே வீடு திரும்பும் திட்டத்தை முதல் வாரத்திலேயே எழுதிக் கையில் வைத்திருப்பது நல்லது.

அம்மாவுக்கு ஒரு பக்கம் எழுதினோம், ஒரு புறம் தமிழ், மறுபுறம் ஆங்கிலம். அவர் சொல்லச் சொல்ல என் மகள் எழுதினாள். விடிய ஐந்தரைக்குத் தேத்தண்ணி, இஞ்சி போட்டு. வெள்ளிக்கிழமை மச்சம் (மீன், இறைச்சி) இல்லை, மச்சம் துழாவிய கரண்டியும் கூடாது. குளிக்க வார்க்கப் பெண் பிஎஸ்டபிள்யூ (வீட்டுக்கு வரும் பராமரிப்பு உதவியாளர்) மட்டும், ஷவர் வேண்டாம், வாளியும் கோப்பையும். கந்தசஷ்டி ஆறு நாளும் விரதம், மருந்து நேரத்தை டொக்டரோடு பேசி மாற்ற வேண்டும். விரதம் வேண்டாம் என்று சொல்ல வேண்டாம். கடைசி வரி எனக்கு: "பிள்ளை, நான் இருக்கேக்க என்னைப் பற்றி வெளியில நிண்டு கதையாதை." கட்டிலைக் கீழ் அறைக்குக் கொண்டுவந்தோம். பிஎஸ்டபிள்யூ காலையில் மட்டும்தான் கிடைத்தது, அதுவும் ஆள் மாறி மாறி. புதிதாக வருபவர் ஒவ்வொருவரும் கதவில் ஒட்டிய அந்தத் தாளை வாசித்துவிட்டுத்தான் உள்ளே வருவார்கள். அவர்களுக்குக் கதவைத் திறந்து விடுவது தம்பி.

அந்த வசந்தத்தில் இருவரையும் வழக்கறிஞரிடம் கூட்டிப் போனோம். உடல்நலப் பராமரிப்புக்கான அதிகாரப் பத்திரத்தை அறிவுசார் குறைபாடு உள்ளவர் கொடுக்க முடியாது என்று நான் நினைத்திருந்தேன். சட்டம் கேட்பது மிகக் குறைவு. தான் நியமிக்கும் ஆள் தன்மேல் உண்மையான அக்கறை உள்ளவரா, தேவைப்பட்டால் அவர் தனக்காக முடிவெடுப்பார் என்பது விளங்குகிறதா என்று பார்ப்பார்கள். வழக்கறிஞர் என்னை வெளியே அனுப்பிவிட்டுத் தம்பியோடு பேசினார். அவன் என் பெயரையும் பக்கத்து வீட்டு அங்கிளின் பெயரையும் சொல்லியிருக்கிறான். அங்கிள் அதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்தார். நீதிமன்றம் போய்ப் பாதுகாவலர் ஆவதற்கு முன் இந்த வழியைப் பாருங்கள். குறைவான தலையீட்டில் முடியுமானால் பாதுகாவலரை நியமிக்கக் கூடாது என்றே சட்டமும் சொல்கிறது. அம்மாவும் தன் கடைசிக் கால விருப்பங்களைச் சொன்னார். எழுதினால் நல்லது, ஆனால் வாயால் சொன்ன விருப்பமும் செல்லும். பிறகு சொன்னது முன்பு சொன்னதை மாற்றும்.

பண விஷயம் ஒன்று. சேமிப்பை நேரே பிள்ளையின் பெயரில் எழுதிவைத்துவிடாதீர்கள். ஓடிஎஸ்பி பெறும் தனி ஆளுக்குச் சொத்து எல்லை 40,000 டொலர். ஹென்சன் டிரஸ்ட், அதாவது சொத்தை ஒரு பொறுப்பாளர் கையில் வைத்து அவர் பிள்ளைக்காகச் செலவழிக்கும் ஏற்பாடு, அதை அறிந்த வழக்கறிஞரிடம் உயிலைக் கொடுங்கள்.

"நான் கண்ணை மூடினால் இவனை ஆர் பாக்கிறது?" என்பது அம்மாவின் இருபது வருடக் கேள்வி. என்னிடம் பதில் தயாராக இருந்தது. எங்கள் வீட்டு பேஸ்மென்டில் அவனுக்கு ஒரு அறை கட்டி, அவனுக்குப் பிடித்த நீலம் பூசி, கட்டிலும் போட்டிருந்தேன். போன வருடம் படங்களைக் காட்டிக் கேட்டோம். வரிசையை மாற்றியும் கேட்டோம், வேறு நாளும் கேட்டோம். மூன்று முறையும் ஒரே பதில். "அக்கா வீடு இல்லை. என்ர வீடு." எனக்கு வலித்தது. சில நாள் யாரிடமும் சொல்லவில்லை. அந்த அறையில் இப்போது என் மகள் படிக்கிறாள்.

அவன் யாரோடு இருக்க விரும்புகிறான் என்றால், பகல் நிலையத்தில் பழகிய ஒரு நண்பனோடு. அந்தப் பிள்ளையின் அம்மாவுக்கு 70 வயது தாண்டிவிட்டது, அவருக்கும் அதே கவலை. இரவு உதவிக்கு யார், அந்தச் செலவுக்கு எது என்று இரண்டு குடும்பமும் கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். இன்னும் கூட்டி முடியவில்லை. இப்போதைக்கு மாதம் இரண்டு வெள்ளிக்கிழமை அந்தப் பிள்ளை வந்து தங்குகிறான், சனிக்கிழமைப் பெடியன் கீழே சோபாவில் படுக்கிறான்.

போன முறை இருவரும் சாப்பாட்டு மேசையில் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்திருக்கிறார்கள். காரணம் கேட்டபோது தம்பி "வெள்ளி. கோழி இல்லை" என்றானாம். அம்மா தன் வெள்ளியை விட மாட்டார். ஆகவே சுவரில் உள்ள தாளில் வெள்ளியை வெட்டிச் சனி என்று மாற்றியிருக்கிறோம். பெடியனுக்குச் சனி இரவு வசதிப்படுமா என்று இன்னும் கேட்கவில்லை.